தோட்டத்துச் சாளையில் பேய்க்கதை: பயம் நிலைக்கவே மாட்டேங்குதுங்க

சாளைக்காரன்:
பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில, அதாவது தோட்டத்து வீட்டுல, நடக்கற திகில் கதை, 2000 சொல். மூணாவது பத்தியிலயே கிணத்துலருந்து உருவம் ஏறி வந்துருது. அதுக்கப்புறம் பயமே இல்லைங்கறாங்க படிச்சவங்க. எங்க மாத்தறதுங்க?

கட்டுத்தரை:
1400 சொல் தாண்டற வரைக்கும் உருவத்தைக் காட்டாதீங்க. முழுசாப் பார்த்துட்டா வாசகரோட கற்பனை நின்னுரும். அதுவரைக்கும் தடயம் மட்டும். மழையில்லாத வாரத்துல கிணத்து மேல்படி ஈரமா இருக்கோணும். எருமை தீனியத் தொடாம ஒரே பக்கம் பார்க்கோணும். மூணு தடயம் போதும், ஒவ்வொண்ணும் சாளைக்கு இன்னும் கிட்ட வரட்டும்.

தறிச்சத்தம்:
பல்லடம்னு சொல்லிட்டு விசைத்தறிச் சத்தத்தை விட்டுட்டீங்களே! முதல் பக்கத்துலயே தூரத்துல ஓடவிடுங்க. கரண்டு போனா அது நிக்கும், அப்பத்தான் சின்னச் சத்தமெல்லாம் காதுல விழும். ஒண்ணு, அந்நேரம் கிணத்து மோட்டார் ஓடுனா பேய் வேலைன்னு கதையில யாராவது கவனிக்கோணும். இல்லாட்டி உங்க பிழைன்னு நெனச்சுக்குவாங்க.

சாளைக்காரன்:
அமாவாசை, நரி ஊளை?

கட்டுத்தரை:
எடுத்துருங்க. ‘திடீரென’வையும்தான். கொங்குப் பேச்சு உரையாடலுக்கு மட்டும். விவரிப்புலயும் போட்டா திகில் போயி நையாண்டி ஆயிரும்.