உடன்பிறந்த குஞ்சுகள் கொத்தி ஒதுக்கிய ஒற்றைக் கோழிக்குஞ்சை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சிறுவிடைக் கோழி அடையிருந்து குஞ்சு பொரித்தது. பெரும்பாலான குஞ்சுகள் வெளிவந்ததும் தாய்க்கோழி அவற்றை அழைத்துக்கொண்டு அடைக்கூடையை விட்டு இறங்கிவிட்டதால், மிச்சமிருந்த ஒரு முட்டையை வெதுவெதுப்பான துணியில் சுற்றி வைத்திருந்தோம். மறுநாள் அதிலிருந்தும் ஒரு குஞ்சு வந்தது. அன்றிரவே அதைத் தாயின் இறக்கைக்குள் விட்டபோது தாய் ஏற்றுக்கொண்டது. சிக்கல் மற்றக் குஞ்சுகளால்தான் வந்தது. உருவில் சிறியதாகவும் நிறத்தில் கறுப்பாகவும் இருக்கும் இந்தக் குஞ்சை அவை முதுகிலும் வாலடியிலும் கொத்திக்கொண்டே இருந்தன. நேற்று இரத்தம் கசிவதைப் பார்த்ததும் அதைப் பஞ்சாரத்திலிருந்து எடுத்து ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அதற்கு இப்போது ஐந்து நாள் வயது. இரை எடுக்கிறது; ஆனால் ஆள் நகர்ந்தால் ஓயாமல் கத்துகிறது. எவ்வளவு சூடு கொடுக்க வேண்டும், தனிமையில் அது தாக்குப்பிடிக்குமா, மறுபடியும் கூட்டத்தில் சேர்க்க முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: பாலாற்றங்கரை

வணக்கம் சகோதரி. முதலில் சூட்டைக் கவனியுங்கள். கூட்டமாக இருக்கும் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும்; ஒற்றைக் குஞ்சுக்கு அந்த வழி இல்லை என்பதால், பகலில் நமக்கு வெக்கையாக இருக்கும் ஊரிலும் விடியற்காலையில் அது குளிரால் சோர்ந்துவிடும். முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பைத் துணியோ அட்டையோ தொடாத உயரத்தில் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர, சூடு தராது. மறுமூலை குளிர்ச்சியாக இருப்பதும் அவசியம், ஏனென்றால் தனக்கு வேண்டிய இடத்தைக் குஞ்சு தானே தேடிப் போய் நிற்கும். பல்புக்கு நேர் கீழேயே ஒடுங்கிக் கத்தினால் சூடு போதவில்லை. இறக்கையை விரித்து வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு மிகுந்துவிட்டது.

பெட்டிக்குள் வழவழப்பான செய்தித்தாளை விரிக்க வேண்டாம். கால் வழுக்கி வழுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துபோன குஞ்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நூல் பிரியாத சொரசொரப்பான துணி போதும். தண்ணீரை ஆழமில்லாத மூடியில் ஊற்றிக் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். தீவனத்துக்குக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமே நல்லது. நொய்யும் கம்பும் மட்டும் கொடுத்தால் புரதம் போதாது. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணம் ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்துக் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் கிடைக்கும். அதைச் சிறிதளவு போட்டால் சோர்ந்த குஞ்சுகூட ஓடிவந்து தின்னும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால், மற்றவை கொத்துகின்றன என்றவுடன் நிறத்தையோ உருவத்தையோ மட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளாமல், குஞ்சுக்கு உள்ளூர நலக்குறைவு ஏதேனும் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். தளர்ந்த குஞ்சு தப்பி ஓடாது என்பதால் அதன்மேல்தான் கொத்து அதிகம் விழும். ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, தொப்புள் ஆறாமல் ஈரமாகவோ வீங்கியோ இருக்கிறதா, கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எச்சம் ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காமல் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, உடனே உலர்த்திச் சூட்டில் விடுங்கள். விரல் சுருண்டிருந்தால் அது பி2 உயிர்ச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டினால் சொட்டு மருந்து தருவார்.

கோழியினத்துக்குச் சிவப்பு நிறத்தின்மேல் இயல்பாகவே நாட்டம் உண்டு. ஒரு துளி இரத்தம் தெரிந்தால் அதுவரை கொத்தாத குஞ்சும் வந்து கொத்தும். தடுக்காவிட்டால் உயிர் போகும்வரை அது நிற்காது. ஆகவே பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் மூடும்வரை அதைக் கூட்டத்துக்குள் விடவே கூடாது. புண்ணைக் கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, நீர்கலந்த போவிடோன் அயோடினை மெல்லத் தொட்டு வைத்தால் போதும். வேப்பெண்ணெயைத் தாராளமாகத் தடவும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. இவ்வளவு சிறிய குஞ்சுக்கு அது தூவியெல்லாம் நனைந்து குளிர் ஏற்றிவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி: வைகைத்துறை

நீங்கள் கேட்டவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தனிமை பற்றிய கேள்விதான். வயிறும் சூடும் நிறைந்திருந்தும் கீச்சென்று உரக்கக் கத்துகிறது என்றால், அது துணையைத் தேடும் குரல். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பெட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தால் கத்தல் ஓரளவு குறையும். தீவனத்தின்மேல் விரல்நுனியால் தட்டிக்காட்டினால் தாய் கொத்திக் காட்டுவதாக எண்ணி அதுவும் கொத்தும். இவை ஓரிரு நாளுக்கு உதவும். அதற்குமேல் வேண்டியது மற்றொரு குஞ்சுதான்.

பிறந்தவுடன் கண்ணெதிரே நகரும் எதையும் கோழிக்குஞ்சு பின்தொடரும் என்பதை டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர் 1873ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். மனிதரோடு மட்டும் வளரும் குஞ்சு மனிதரையே நாடும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிற்பாடு கோழிகளோடு புழங்கத் தெரியாமல் அது படும் பாட்டைப் பார்க்க மனம் பொறுக்காது. எனவே வெளியிலிருந்து புதுக்குஞ்சு வாங்கி நோயையும் சேர்த்துக் கொண்டுவருவதைவிட, உங்கள் கூட்டத்திலேயே கொத்தாத, சாதுவான குஞ்சு ஒன்றையோ இரண்டையோ எடுத்து, புண் ஆறியபின் இதனுடன் விடுங்கள். முதல் அரைமணி நேரம் அருகிலிருந்து பாருங்கள். அவை ஒன்றாகப் படுக்கத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தபடியாக, அந்தப் பெட்டிக்குப் பதில் கம்பிவலையிட்ட கூண்டைத் தாயும் மற்றக் குஞ்சுகளும் மேயும் இடத்திலேயே வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கவும் குரல் கேட்கவும் வேண்டும், ஆனால் கொத்து எட்டக் கூடாது. ஒரு வாரம் இப்படிக் கழிந்தபின், இருட்டிய பிறகு இரண்டு மூன்றையும் சேர்த்தே தாயின் அடியில் விடுங்கள். விடியும்போது நீங்கள் எழுந்து அருகில் இருப்பது அவசியம். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும், ஏனென்றால் ஒரே தட்டை வலுத்த குஞ்சு காவல் காத்துக்கொள்ளும்.

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்துவது என்ற வரிசை ஒன்று உண்டு என்பதை 1920களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு ஷெல்டெரப் எப்பே விளக்கினார். குஞ்சுகளிடம் அந்த வரிசை பிறந்து சில வாரங்களுக்குப் பிறகுதான் இறுகத் தொடங்குகிறது. இறுகிய பிறகு நுழையும் எதுவும் அந்நியமே. அதனால் புண் ஆறியதும் தாமதிக்காமல், மாதக்கணக்கில் தனியே வைத்துக் கொழுக்கவைத்துப் பிறகு சேர்க்கலாம் என்று எண்ணாமல், இதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: கரிசல்மண்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி பார்த்தேன். ஆசனவாயில் சிறிது எச்சம் ஒட்டியிருந்ததைச் சுத்தம் செய்துவிட்டேன், தொப்புளும் விரல்களும் நன்றாக இருக்கின்றன. குண்டு பல்பு மாட்டியதும் கத்தல் பாதியாகக் குறைந்தது. மற்றவற்றுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து போடப்போகிறோம். புண் இருக்கும் இந்தக் குஞ்சுக்கும் அன்றே போடலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

நன்றாக இரை எடுத்து, சுறுசுறுப்பாக நடந்து, கழிச்சல் இல்லாமல் இருந்தால் மேல்தோல் புண் ஒரு தடையில்லை அம்மா; மற்றவற்றோடு அன்றே கண்ணில் ஒரு சொட்டு விடலாம். கலக்கிய மருந்தைப் பனிக்கட்டியின்மேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், இதற்காக மட்டும் இன்னொரு நாள் புதுக் குப்பி உடைப்பது எளிதல்ல. அன்று சோர்ந்து கண்மூடி நின்றால் மட்டும் தள்ளிப்போடுங்கள். தூக்கிச் செல்லும்போது கூடையில் தனியாக வையுங்கள். வழியில் மற்றவை அந்தப் புண்ணை மறுபடியும் கொத்திவிடக் கூடாது.