அப்பாவுக்குப் புரோஸ்டேட் ரேடியேஷன்: வாயு, நீர்க்கடுப்பு, வயிற்றுப்போக்கு. சாப்பாட்டில் எதை மாற்றுவது?

காவிரிக்கரை எழுதியது:

அப்பாவுக்கு வயது 69. புரோஸ்டேட் புற்றுநோய், கிளீசன் (தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்) 7. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி ஏற்கெனவே ஆரம்பித்தாகிவிட்டது. இப்போது கரண்ட் (கதிர் சிகிச்சை) வைக்கிறார்கள்: 20 அமர்வு, மொத்தம் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு). ஊர் கும்பகோணம் பக்கம். சிகிச்சைக்காகத் திருச்சியில் வாடகை வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். பாதி முடிந்துவிட்டது.

ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இப்போது எல்லாம் சேர்ந்து வருகிறது. மேசையில் படுக்க வைத்து ஸ்கேன் பார்த்துவிட்டு, "வாயு நிறைய இருக்கு, இறங்கி நடந்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு நாள் "சிறுநீர்ப்பை நிறையலை, இன்னும் தண்ணி குடிங்க" என்கிறார்கள். இரவில் ஐந்தாறு தடவை எழுந்து போகிறார், போகும்போது எரிச்சல். இதற்குப் பயந்து மாலை 4 மணிக்கு மேல் தண்ணீரே தொடுவதில்லை. இந்த வாரம் மலமும் இளகிப் போகிறது, சீதம் கலந்து வருகிறது.

அம்மா சத்தாகக் கொடுக்கிறேன் என்று காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரை, சாயங்காலம் சுண்டல் என்று கொடுக்கிறார். "உடம்புச் சூடு" என்று தர்பூசணியும் உண்டு, ஏனென்றால் அப்பாவுக்குத் திடீர் திடீரென்று உடம்பு எரிந்து வியர்க்கிறது. சர்க்கரை நோயும் இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். டாக்டரிடம் கேட்டால் "எல்லாம் சாப்பிடலாம்மா" என்கிறார், பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லினாக்_வேலை எழுதியது:

நான் ரேடியோதெரபி டெக்னீஷியன். நாங்கள் ஏன் இறக்கிவிடுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன் சகோதரி, சாப்பாட்டுக்கு வேறு யாராவது வருவார்கள்.

புரோஸ்டேட்டுக்கு நேர் பின்னால் மலக்குடல், மேலே சிறுநீர்ப்பை. மலக்குடலில் வாயு சேர்ந்தால் அது பலூன் மாதிரி உப்பிப் புரோஸ்டேட்டை முன்னால் தள்ளும். சுற்றிலும் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் திட்டம் போட்டிருப்பார்கள். தள்ளிப்போனால் கதிர் விழவேண்டிய இடத்தில் குறையும், மலக்குடல் சுவரில் கூடும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கக் கேட்பதும் இதே கணக்குதான். நிறைந்த பை சிறுகுடலை மேலே ஒதுக்கிவிடும், பையின் மேல்பகுதியும் கதிரிலிருந்து தப்பும்.

இப்போது அப்பா செய்வதைப் பாருங்கள். மாலையிலிருந்து தண்ணீர் இல்லை, காலையில் வறண்ட உடம்போடு வருகிறார். மேசைக்கு முன் அரை லிட்டர் குடித்தாலும் உடம்பு முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும், பை மெதுவாகத்தான் நிறையும். அடர்த்தியான சிறுநீர் ஏற்கெனவே புண்பட்ட பையை இன்னும் எரிக்கும். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் எரிச்சலும் கூடும், காத்திருப்பும் கூடும்.

பகல் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்தால் போதும். சிகிச்சைக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதலில் திட்டம் போடுவதற்காக எடுத்த சிமுலேஷன் ஸ்கேன் அன்று எவ்வளவு குடித்து எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ, அதையே தினமும் செய்யவேண்டும். பெரும்பாலான இடங்களில் 400 முதல் 500 மில்லி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். இன்னொன்று: மெஷின் தாமதமா என்று விசாரித்துவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். முன்னாடியே குடித்துவிட்டு அடக்க முடியாமல் தவிக்கிற பெரியவர்களைத் தினம் பார்க்கிறேன். முடியாவிட்டால் எங்களிடம் கூச்சப்படாமல் சொல்லலாம்.

வைகைவாசி எழுதியது:

அம்மா, எனக்கும் இதே சிகிச்சைதான், மதுரையில் முடித்தேன். உங்கள் அம்மா கொடுப்பது எல்லாமே நல்ல சாப்பாடு, இந்தச் சில வாரங்களுக்கு மட்டும் தோதுப்படாது. முதலில் சுண்டலை நிறுத்துங்கள். கொண்டைக்கடலை, மொச்சை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, பச்சை வெங்காயம், கோலி சோடா எல்லாம் வாயுதான். நான் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, நன்றாக வேகவைத்துக் கரைத்த பாசிப்பருப்பு, சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டை, குழம்பில்லாமல் ஆவியில் வேகவைத்த மீன் என்று ஓட்டினேன். மோரில் பெருங்காயம் போட்டுக் குடிப்பேன். வத்தக்குழம்பும் ஊறுகாயும் போன மறுநாள் சிறுநீர் போகும்போது உயிர் போகும், அதனால் அவை தானாகவே நின்றுவிட்டன.

காபிதான் கஷ்டம். அது பையை எரிச்சலூட்டும், குடலையும் விரட்டும். கும்பகோணத்துக்காரரிடம் டிகிரி காபியை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. காலையில் ஒன்று, பாதி டம்ளர், அதோடு சரி என்று பேசிப் பாருங்கள்.

வேகவேகமாக விழுங்கினாலும் காற்று உள்ளே போகும். மென்று சாப்பிடச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக் கொஞ்சம் நடந்தால் காலையில் வயிறு ஒழுங்காகும். அப்புறம், வருகிற மாதிரி இருந்து போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராமல் சீதம் மட்டும் வரும். அப்போது முக்கக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தது எனக்கு நிறைய இதமாக இருந்தது.

இயற்கைவழி எழுதியது:

இவ்வளவும் வேண்டாம். தினம் வாழைத்தண்டுச் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுங்கள். புற்றுசெல் தானாகச் செத்துவிடும்.

வார்டு_நர்ஸ் எழுதியது:

மேலே சொன்ன கஷாயத்தைத் தயவுசெய்து கொடுக்கவேண்டாம். முள்சீத்தா மனிதர்களில் புற்றுநோயைக் குணமாக்கியதாக நிரூபணம் எதுவும் இல்லை. கரீபியனில் குவாதலூப் தீவில் அதன் பழத்தையும் இலையையும் நெடுங்காலம் அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாக இருந்ததைக் கவனித்திருக்கிறார்கள். வாழைத்தண்டு நல்ல காய்தான், ஆனால் நார் மிகுந்தது, வயிறு போகும்போது இடமில்லை. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் சாப்பிடுவதும் இந்தச் சமயத்தில் வேண்டாம். பழத்தில் வருவது வேறு.

நார்ச்சத்தையே ஒழித்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. இடுப்புப் பகுதியில் கதிர் பெற்றவர்களில் நார்ச்சத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் தொல்லை குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் கருப்பை, கீழ்க்குடல் பக்கப் புற்றுநோயாளிகள். ஸ்வீடனில் புரோஸ்டேட் நோயாளிகளிடமே கரையாத நாரையும் பால் சர்க்கரையையும் குறைத்துப் பார்த்தபோது பெரிய லாபம் தெரியவில்லை. ஆகவே பத்தியம் என்று எடுத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பார்த்து முடிவெடுங்கள். இளகிப்போகும் நாட்களில் கேழ்வரகும் கீரையும் வேண்டாம். கனிந்த வாழைப்பழம், தோல் சீவி வேகவைத்த ஆப்பிள் பரவாயில்லை, சர்க்கரையைப் பார்த்து அளவோடு. பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் சில வாரம் தயிராக, மோராக மாற்றுங்கள். வயிறு சரியானதும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம்.

மெட்ஃபார்மினே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கஞ்சி கொடுத்தால் தனியாகக் கொடுக்காமல் முட்டையோ பருப்போ சேர்த்துக் கொடுங்கள், சர்க்கரை அவ்வளவு ஏறாது.

உடம்பு எரிந்து வியர்ப்பது கரண்ட்டின் சூடு இல்லை. அது ஹார்மோன் ஊசியின் வேலை, மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவதும் இதுதான். தர்பூசணியால் அது தணியாது, இரவு அவரை எழுப்பத்தான் செய்யும். அந்த ஊசி எலும்பையும் தசையையும் தேய்க்கும், எனவே புரதம் குறையக்கூடாது. கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிச்சலைக் கதிரின் விளைவு என்றே முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் இதே எரிச்சல்தான். நாளைக்கே சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொள்வது, ரத்தக் கட்டிகள், தண்ணீராகப் பலமுறை பேதியாகித் தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் மறுநாள் அமர்வு வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பரிசோதனையில் தொற்று இல்லை. சிறுநீர் எளிதாகப் போக டாம்சுலோசின் என்ற மாத்திரையை இரவில் போடச் சொன்னார் டாக்டர், படுக்கையிலிருந்து மெல்ல எழ வேண்டும், தலை சுற்றலாம் என்றார். சுண்டல் நின்றது, பகலில் தண்ணீர் குடிக்கிறார். இந்த வாரம் ஒரே ஒரு நாள்தான் இறக்கி அனுப்பினார்கள். அம்மாவுக்குத்தான் குறை, "வெறும் இட்லியிலே என்ன சத்து இருக்கு" என்கிறார். இன்னும் இரண்டு கேள்வி: பேரனைத் தூக்கக்கூடாது என்று அப்பா ஒதுங்கியே இருக்கிறார், அது தேவையா? எப்போது சரியாகும்?

லினாக்_வேலை எழுதியது:

வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கதிர் உடம்பில் தங்காது. மெஷின் நின்றதும் அதுவும் முடிந்தது. பேரனைத் தாராளமாகத் தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். விதை மாதிரிக் கதிர்ப்பொருளை உள்ளேயே வைக்கும் சிகிச்சைக்குத்தான் வேறு விதிகள்.

கடைசி அமர்வுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொல்லை கூடுவதுபோல இருக்கும், பயப்படவேண்டாம். பெரும்பாலோருக்கு ஒன்றரை மாதத்துக்குள் நன்றாகக் குறையும். சோர்வு இன்னும் கொஞ்சம் இழுக்கும். பிஎஸ்ஏவை (புரோஸ்டேட் நோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை அளவு) உடனே பார்த்துக் கவலைப்படாதீர்கள், கதிர் சிகிச்சைக்குப் பிறகு அது பல மாதங்களில்தான் இறங்கும்.

சிலருக்கு மாதங்கள் கழித்தும், ஓரிரு வருடம் கழித்தும் மலத்தில் ரத்தம் தெரியலாம். அப்போது மூலம் என்று நாட்டு மருந்து தேடாமல் காட்டவேண்டும். கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்வதாக இருந்தால் "புரோஸ்டேட்டுக்குக் கதிர் வாங்கியிருக்கிறார்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மலக்குடலின் முன்பக்கச் சுவரில் பரிசோதனைக்காகச் சதை எடுத்தால் அந்த இடம் ஆறாமல் போகக்கூடும். சிகிச்சை முடியும் நாளில் எத்தனை கிரே, எத்தனை அமர்வு என்று எழுதிய சுருக்க அறிக்கை தருவார்கள். அதை நாலு நகல் எடுத்து, ஒன்றை அப்பாவின் சர்க்கரை டாக்டரிடமும் கொடுத்துவிடுங்கள்.