கருவிக்கொண்டி: வண்டிக் கூரையில் கருவிகளைப் பிணிக்கும் உறுப்புக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

கரட்டுவழி (ஆஃப்-ரோடு) வண்டிகளின் கூரைச்சட்டகத்தில் மண்வெட்டி, கோடரி, உயர ஜாக்கி (நெடிய தண்டில் ஏறி வண்டியைத் தூக்கும் ஜாக்கி), மணலில் புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மீட்புப் பலகை ஆகியவற்றைப் பிடித்து வைக்கும் உறுப்புக்குக் 'கருவித் தாங்கி', 'கருவிப் பிடி', 'ஏற்றி' என்று மூன்று சொற்கள் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

தாங்குவது என்பது எடையைக் கீழிருந்து சுமப்பது. இங்கே சுமப்பது சட்டகமே; நாம் பெயர் தேடும் உறுப்பு, பொருள் மேலே எகிறாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் தடுக்கிறது. தவிரவும், தாங்கி என்ற சொல் பேரிங்குக்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது. 'பிடி' என்றால் மண்வெட்டியின் பிடியா, சட்டகத்தின் பிடியா என்ற குழப்பம் ஒவ்வொரு வரியிலும் எழும். 'ஏற்றி' இன்னும் சிக்கலானது, ஏனெனில் அது சுமை ஏற்றுவதோடு கலந்துவிடும். இப்போதைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 வண்டியின் கூரை, ஓடும்போது 168 கிலோவையும் நிற்கும்போது 300 கிலோவையும் தாங்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெரிய எண் கூரைக் கூடாரத்தில் ஆள் படுத்துறங்குவதற்கு. கருவிகளுக்கு உரியது சிறிய எண்தான், அதிலும் சட்டகத்தின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். கையேட்டில் 'ஏற்று எடை' என்று எழுதிவிட்டால் வாசகர் எந்த எண்ணை எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. இவ்விரண்டுக்கும் 'ஓட்டச் சுமை', 'நிலைச் சுமை' என்று தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது.

பெயரிடும் முன் உறுப்பின் வேலையைப் பார்ப்போம். அலுமினியச் சட்டகத்தின் குறுக்குச் சட்டங்களில் நெடுகக் காடி இருக்கும் (தச்சர் சொல்லும் அதே காடிதான், இதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை). போல்ட்டின் தலையைக் காடிக்குள் நுழைத்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, ஸ்பேனரால் முறுக்கிவிட்டால் உறுப்பின் ஒரு முனை சட்டகத்தோடு நிலைத்துவிடும். மறுமுனையோ ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூட வேண்டியது: மண்வெட்டிக் காம்பைச் சுற்றி இழுத்து மாட்டும் ரப்பர்க் கவ்வியாக இருக்கலாம், மீட்புப் பலகையின் துளை வழியே எழுந்து நிற்கும் முளையாக இருக்கலாம். ஒரு முனை நிலையானது, மறுமுனை திறந்து மூடுவது என்ற இந்த அமைப்பு நம் வீட்டுக் கதவுக் கொண்டியில் அப்படியே இருக்கிறது. ஆகவே 'கருவிக்கொண்டி' என்பது என் முன்மொழிவு. கவ்வியும் முளையும் அதன் வகைகளாக அமையட்டும்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. இணையத்தில் கிடைக்கும் மொழிபெயர்ப்புகளில் 'கருவிகளைப் பாதுகாக்கவும்' என்று காண்கிறேன். அதைப் படிப்பவர் துணி போட்டு மூடுவார், முறுக்க மாட்டார். ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை போன்ற அலைவரி விழுந்த மண்சாலைகளில் ஓயாத அதிர்வே மரைகளைக் கழற்றிவிடுகிறது. அதற்கு நைலான் வளையம் வைத்த மரை வேண்டும், முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் மறுபடி முறுக்கிப் பார்க்கவும் வேண்டும். உயர ஜாக்கியில் இதைக் கண்ணாலேயே காணலாம்: தண்டை இரண்டு இடங்களில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தாலும் கைப்பிடி மட்டும் தளர்ந்து தண்டின்மேல் தட்டிக்கொண்டே வரும், தட்டிய இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். கைப்பிடியைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் உறை அதற்காகவே விற்கப்படுகிறது. திருட்டைத் தடுப்பது வேறு வேலை. அதற்குப் 'பூட்டுதல்' போதும். ஆக, சட்டகத்தை வண்டியோடு 'பொருத்துதல்', கருவியைச் சட்டகத்தோடு 'பிணித்தல்', சாவியால் 'பூட்டுதல்' என்று மூன்றையும் பிரித்தாள வேண்டுகிறேன்.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

காடி, முளை இரண்டையும் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். கொண்டி குறித்து ஓர் ஐயம். சங்கப் பாடல்களில் கொண்டி என்பது கொள்ளையிட்ட பொருளைக் குறிக்கும். கட்டுக்கு அடங்காமல் மேயும் மாட்டைக் கொண்டி மாடு என்று ஊரில் சொல்வதும் உண்டு. திருடர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்துமா? மேலும், ராட்செட் பட்டையால் (பற்சக்கரப் பூட்டால் இழுத்து இறுக்கும் பட்டை) கட்டுவதையும் கொண்டி என்போமா?

—

அம்மையீர், நல்ல கேள்விகள்.

பட்டை கொண்டியாகாது, ஏனெனில் அதற்கு நிலைத்த முனை இல்லை. அது 'கட்டுப்பட்டை'யாகவே இருக்கட்டும். எடை மிகுந்த ஜாக்கிக்குக் கொண்டியோடு கட்டுப்பட்டையும் சேர்த்துப் போடுவது வழக்கம் என்பதால், இரண்டுக்கும் இரு பெயர்கள் இருப்பது கையேட்டில் உதவும். பழம்பொருளைப் பொறுத்தவரை, கதவுக் கொண்டியை மாட்டும் எவரும் கொள்ளையை நினைப்பதில்லை. முன்னே 'கருவி' என்று ஒட்டி எழுதும்போது மாடும் வராது. மறுப்பு இல்லையெனில் சொற்பட்டியலில் கருவிக்கொண்டி, காடி, முளை, கட்டுப்பட்டை ஆகிய நான்கையும் இவ்வாரம் சேர்த்துவிடுகிறேன். ஓட்டச் சுமை, நிலைச் சுமை இரண்டையும் வண்டிப் பொறியியல் அறிந்தவர்கள் பார்த்த பிறகு சேர்க்கலாம்.