பர்லிங்டன் குதிரை ராட்டினம்: பழைய படங்கள் கிடைக்குமா?

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பர்லிங்டன் என்ற சின்ன ஊரின் பழைய ராட்டினத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

1905-ல் பிலடெல்பியா டொபாகன் கம்பெனி செய்தது. முதலில் டென்வரின் எலிட்ச் கார்டன்ஸ் பூங்காவில் சுற்றியது. 1928-ல் பர்லிங்டன் இருக்கும் கிட் கார்சன் கவுண்டியின் (மாவட்டத்தின்) நிர்வாகம் 1,250 டாலருக்கு வாங்கியது. விவசாயம் செய்து பிழைக்கும் ஊருக்கு இது எதற்கு என்று அப்போதே எதிர்ப்பு இருந்திருக்கிறது. பொருளாதார மந்தம் வந்ததும் மூடிவிட்டார்கள், ராட்டினக் கூடத்தில் தீவனம் அடுக்கி வைத்தார்கள். மொத்தம் 46 விலங்குகள், எல்லாம் மரத்தில் கையால் செதுக்கியவை. குதிரைகள் மட்டுமல்ல, ஒட்டகச்சிவிங்கி, ஒட்டகம்கூட உண்டு. பழைய வண்ணப்பூச்சு இன்னும் அப்படியே இருப்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

1928-க்கு முன் எலிட்ச் கார்டன்ஸில் எடுத்த படங்கள், மூடிக் கிடந்த காலத்துச் செய்தித்தாள் துணுக்குகள் யாரிடமாவது உண்டா? கொலராடோவில் இருப்பவர்கள் யாராவது நடுத்தூணைச் சுற்றியுள்ள ஓவியங்களைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினால் ரொம்ப உதவியாக இருக்கும். அப்புறம், அங்குள்ள 1909-ம் ஆண்டு வுர்லிட்சர் நிறுவன இசைப்பெட்டியின் (ராட்டினம் சுற்றும்போது இசைக்கும் கருவி) ஒலிப்பதிவு கிடைத்தாலும் சொல்லுங்கள்.