மெய்நிகர்ச் சுவரைத் தொட்டதும் கைப்பிடி அதிர்கிறது

கேள்வி (சேலம்):
வணக்கம். கொலுசுப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்கள் வெள்ளியை வீணாக்காமல் அரம் பிடித்துப் பழகுவதற்காக, தொடுவுணர்வுக் கருவி ஒன்றைச் செய்து வருகிறேன். வெள்ளியின் பரப்பாகக் கணினி உருவாக்கும் மெய்நிகர்ச் சுவரின் விறைப்பை மீட்டருக்கு 2000 நியூட்டனாக வைத்து மெல்லத் தொட்டால், கைப்பிடி வண்டுபோல ரீங்கரித்து விரலை உதறுகிறது; குறைத்தாலோ வெள்ளி பஞ்சாகிவிடுகிறது. கணக்கீட்டுச் சுற்று நொடிக்கு 500 முறை ஓடுகிறது.

மறுமொழி:
இரண்டு கணக்கீடுகளுக்கு இடையில் விசை மாறாமல் நிற்பதால், கை வெளியேறும்போது சுவர் தான் வாங்கியதைவிடக் கூடுதல் ஆற்றலைத் திருப்பித் தள்ளுகிறது. கோல்கேட் என்ற ஆய்வாளரின் நிபந்தனைப்படி, விறைப்பைச் சுற்று நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்த மதிப்பைவிடக் கருவியின் இயல்பான தணிப்பு (உராய்வுபோல அசைவை அடக்கும் தன்மை) மிகுதியாக இருக்க வேண்டும்; உங்களுக்கு அது மீட்டருக்கு 2 நியூட்டன்-நொடி. மென்பொருளில் சேர்க்கும் தணிப்பு இந்தத் தேவையைக் குறைக்காது, கூட்டவே செய்யும். சுற்றை 1000 ஆக்கினால் தேவை பாதியாகும்.

கேட்டவர்:
ஒவ்வொரு சுற்றிலும் அளவுகளைத் திரைக்கு அனுப்பிய வரிதான் வேகத்தைத் தின்றிருக்கிறது. அதை நீக்கியதும் 1000 எட்டியது, ரீங்காரம் பெரிதும் அடங்கிவிட்டது. மிக்க நன்றி. ஆனாலும் விரல்நுனியில் மெல்லிய நறநறப்பு எஞ்சியிருக்கிறது.

மறுமொழி (ஏற்காடு):
அது என்கோடரின் (அச்சு சுழன்ற அளவைப் படிபடியாக எண்ணும் உணரி) படிகளிலிருந்து வருவதாக இருக்கலாம். திசைவேகத்தை அந்தப் படிகளின் வித்தியாசத்திலிருந்து எடுத்தால், அளவீட்டு இரைச்சலும் பெருகும். அதைக் குறைக்கும் வடிகட்டியை அளவோடு வையுங்கள், ஏனெனில் அது சேர்க்கும் தாமதம் பழைய அதிர்வையே திரும்ப அழைத்துவிடும். என்கோடர் கைப்பிடி அச்சில் இருந்தால், முதலில் அதை மோட்டார் அச்சுக்கு மாற்றிப் பாருங்கள்; மோட்டார் கைப்பிடியைவிட அதிகம் சுழலும் அமைப்பென்றால் படிகள் நுண்மையாகும்.