இரட்டைப் பின்னல்

புலிகள் இயக்கம் படைக்குப் பிள்ளை பிடித்த கதை என்றாலே 2008, 2009 இறுதி யுத்தகால வன்னியைத்தான் சொல்கிறார்கள். நான் மட்டக்களப்புக்காரி. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போது பத்தாம் வகுப்பு என் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் இது 'சமாதான காலத்தில்' நடந்தது. 2002 பெப்ரவரியில் அரசுக்கும் இயக்கத்துக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதியாயிற்று, பாதையும் திறந்தாயிற்று. திருவிழாவுக்குப் போன பிள்ளை மட்டும் வீடு திரும்பாது.

அப்படிப் போனவள்தான் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. 2003இல், 14 வயதில். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டு, காரணம் 'தொடர்ந்து வரவில்லை' என்று எழுதினோம். வேறு என்ன எழுத?

2004 மார்ச்சில் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் இயக்கத்துக்குள்ளேயே சண்டை. சில நாளில் கிழக்கு அணி கலைந்தது. சித்திரை வருசத்தை ஒட்டி 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீடு வந்தார்கள்.

மே மாதம் அவள் வகுப்புக்கு வந்தாள். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம். அவளுக்கோ பொடியன்மார் போல ஒட்ட வெட்டிய தலை. வாசலில் மறித்து "தலை ஏன் இப்படி?" என்று கேட்ட ஆசிரியரும் இருந்தார். இயக்கத்தில் தலை வெட்டிவிடுவார்கள் என்று ஊரில் தெரியாதவர் யார்?

பெயர் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள் இருந்தபடியே 'ஓம் டீச்சர்' என்பார்கள். இவள் எழுந்து குதிகால் இரண்டையும் சேர்த்து நிற்பாள். இரு என்று சொல்லும்வரை இருக்க மாட்டாள். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். வெருகலைப் பற்றி நான் கேட்டதில்லை. ஒருநாள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள்: "எங்களுக்குச் சுட வந்தவங்களும் எங்கட வயசுதான் டீச்சர்." அவ்வளவுதான். அப்புறம் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நடு வருசத்தில் இயக்கத்தார் திரும்பவும் வீடு வீடாக வந்து பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கினார்கள். கலியாணம் கட்டினவளைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அவளுக்குக் கலியாணம் என்று தாய் வந்து என்னிடம் சொன்னபோது, அவளுக்கு 15 வயது அம்மா என்று வாயெடுத்தேன். "அங்க போனா 16 வருமா டீச்சர்?" என்று கேட்டார். பதிலில்லை. பதிவேட்டில் இரண்டாவது கோட்டையும் நான்தான் போட்டேன், காரணம் பழையதேதான்.

கலியாணத்துக்குப் போயிருந்தேன். தலைமயிர் அப்போதுதான் காதைத் தாண்டியிருந்தது. சவுரி வைத்து நீளமாகப் பின்னி, பூச் சுற்றியிருந்தார்கள். பாரம் தாங்காமல் அது ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. அவள் கையை எடுத்து எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.