முதல் நாள் தொட்டு மாறாத டிரம்ஸ் கலைஞர் யார்? ஓணப் போட்டியில் எழுந்த ஐயம்

கேள்வி: வேளிமலையான், தக்கலை

ஓண விடுமுறையில் எங்கள் ஊர்ப் படிப்பகம் நடத்திய வினாடி வினாவின் கடைசிச் சுற்றை, 1960களிலும் 70களிலும் புகழ்பெற்ற ராக் குழுக்களைப் பற்றியதாக அமைத்திருந்தார்கள். அச்சுற்றின் இறுதிக் கேள்வி இது: "தொடங்கிய நாளிலிருந்து மாறாமல் இருக்கும் ஒரே உறுப்பினராக டிரம்ஸ் வாசிப்பவரைக் கொண்ட ராக் குழு எது?" நான் சிறிதும் தயங்காமல் டீப் பர்ப்பிள் என்று எழுதினேன். அக்குழுவில் பாடகர்கள் மாறினார்கள், கிட்டார் கலைஞர்கள் மாறினார்கள். இயன் பெய்ஸ் மட்டும் 1968 முதல் அதே இடத்தில் அமர்ந்திருக்கிறார். ஆனால் கேள்வி கேட்டவர், ஃபிளீட்வுட் மேக் என்பதே விடை, மிக் ஃபிளீட்வுட்டே அந்த உறுப்பினர் என்று சொல்லி எங்களுக்கு மதிப்பெண் தர மறுத்துவிட்டார். ஒரே மதிப்பெண்ணில் முதல் பரிசு எதிரணிக்குப் போயிற்று.

பரிசு போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த விடைதான் இன்னும் விளங்கவில்லை. ஃபிளீட்வுட் மேக் என்ற பெயரிலேயே பாதி, பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்வீயைக் குறிக்கிறது. அவரும் அக்குழுவை விட்டுப் போகவில்லையே, பிறகு 'ஒரே உறுப்பினர்' என்பது எப்படிப் பொருந்தும்? நான் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் சபையின் பாடற்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். அதற்குள் மூன்று கீபோர்டு கலைஞர்களும் நான்கு பேஸ் கிட்டார் கலைஞர்களும் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு மனத்துக்கு நெருக்கமானது. விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய கேசட், வடசேரி

தம்பி, உங்கள் விடை சரி, அவர் விடையும் சரி. கேள்வியில் ஆண்டு இல்லாததே குறை. டீப் பர்ப்பிளையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உறுப்பினர் மாற்றங்களுக்கு 'மார்க் 1', 'மார்க் 2' என்று எண் கொடுத்து ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு மாறிய குழு அது.

1968இல் அமைந்த முதல் அணியில் ராட் எவன்ஸ் பாடினார், நிக் சிம்பர் பேஸ் வாசித்தார், ரிச்சி பிளாக்மோர் கிட்டாரும் ஜான் லார்ட் ஆர்கனும் பெய்ஸ் டிரம்ஸும் வாசித்தார்கள். அடுத்த ஆண்டே எவன்ஸையும் சிம்பரையும் விலக்கிவிட்டு, எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து இயன் கில்லனையும் ராஜர் குளோவரையும் அழைத்துக்கொண்டார்கள். கிட்டாரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு பையனும் முதலில் வாசித்துப் பார்க்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் அந்த நான்கு சுரத் தொடர் இந்த இரண்டாம் அணியுடையது. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில், ஃபிராங்க் சாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது சூதாட்ட மாளிகை தீப்பற்றி எரிந்ததைக் கண்ணால் கண்டு அவர்கள் எழுதிய பாட்டு அது. 1973இல் கில்லனும் குளோவரும் போக, டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் வந்தார்கள். 1975இல் பிளாக்மோர் போக, டாமி போலின் வந்தார். மறு ஆண்டே குழு கலைந்தது, அதே ஆண்டு டிசம்பரில் போலின் இறந்தும்போனார். 1984இல் இரண்டாம் அணியே மீண்டும் ஒன்றுகூடியது.

இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவே பெய்ஸுடன் சேர்ந்து இன்னொருவரும் அசையாமல் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஜான் லார்ட் 2002இல் ஓய்வு பெறும்வரை எல்லா அணிகளிலும் இருந்தார். ஆக, இதே கேள்வியை 2001இல் கேட்டிருந்தால் உங்கள் விடை தவறு, 2003இல் கேட்டிருந்தால் சரி. லார்டின் ஆர்கன் இல்லாத டீப் பர்ப்பிளை என்னால் முழு மனத்தோடு அப்பெயரால் அழைக்க முடியவில்லை என்பது வேறு செய்தி. ஆர்கன் ஒலியை கிட்டார் ஒலிபெருக்கி வழியே செலுத்தி அவர் உண்டாக்கிய அந்தக் கரகரப்பே அக்குழுவின் பாதி உயிர் என்று நான் கருதுகிறேன்.

இனி ஃபிளீட்வுட் மேக். 1967இல் இதை உண்டாக்கியவர் பீட்டர் கிரீன். ஜான் மேயாலின் குழுவில் நிலையான வருமானத்தோடு இருந்த மெக்வீயைத் தம் பக்கம் இழுப்பதற்காகவே, அவர் சேர்வதற்கு முன்பே அவர் பெயரையும் குழுவின் பெயரில் சேர்த்துவிட்டார். மெக்வீ தயங்கினார். அதனால் 1967 ஆகஸ்ட் 13 அன்று வின்ட்சர் விழாவில் குழு முதன்முதலாக மேடையேறியபோது பேஸ் வாசித்தவர் பாப் பிரன்னிங். முதல் இசைத்தட்டில் ஒரு பாட்டில் இன்றும் அவர் வாசிப்பைக் கேட்கலாம். மெக்வீ சில வாரங்கள் கழித்தே வந்தார். கிரீன் 1970இல் விலகினார், ஜெரமி ஸ்பென்சர் 1971இல் விலகினார். முதல் மேடையில் நின்றவர்களில் எஞ்சியவர் மிக் ஃபிளீட்வுட் ஒருவரே. கேள்வி கேட்டவர் நாள் கணக்குப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

மறுமொழி: தாமிரபரணிக் கரை, குழித்துறை

வடசேரி அண்ணாச்சி சொன்னதோடு இன்னும் இரண்டு குழுக்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது பிங்க் ஃபிளாய்ட். 1965இல் அப்பெயர் ஏற்பட்டபோதே டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் ஒருவர்தான் அக்குழுவின் எல்லாத் தொகுப்புகளிலும் இடம்பெற்றவர். பெயரைச் சூட்டிய சிட் பாரெட் 1968இல் விலகினார். டேவிட் கில்மோர் அந்தச் சமயத்தில்தான் உள்ளே வந்தார் என்பதால் அவர் தொடக்க உறுப்பினர் ஆகமாட்டார். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டை 1979இல் நீக்கிவிட்டார்கள், பிறகு கச்சேரிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார்கள். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர் இல்லவே இல்லை. ராஜர் வாட்டர்ஸ் 1985இல் வெளியேறினார். மேசன் மட்டும் யாரோடும் பகை வளர்க்காமல், எல்லாருக்கும் நடுவில் அமர்ந்திருந்தார்.

ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. 1979இல் வெளிவந்த இரட்டை இசைத்தட்டில் தாயைப் பற்றிய பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் கடைசிப் பாட்டுக்கு வாசித்தவர் ஆண்டி நியூமார்க். தாளக் கணக்கு அடிக்கடி மாறும் அந்தப் பாட்டுகளுக்கு வேறு கை தேவைப்பட்டது. எல்லா இசைத்தட்டிலும் மேசன் உண்டு, எல்லாப் பாட்டிலும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கேள்வி எழுதுகிறவர் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது மூடி புளூஸ். 1964இல் பர்மிங்காமில் தொடங்கிய இக்குழுவின் கிரேம் எட்ஜை நம் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. ஜஸ்டின் ஹேவர்டும் ஜான் லாட்ஜும் 1966இல்தான் சேர்ந்தார்கள். முதல் அணியில் பாடிய டென்னி லெய்ன் பிற்பாடு பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவுக்குப் போனார். புல்லாங்குழல் வாசித்த ரே தாமஸ், ஜான் லார்டைப் போலவே 2002இல் ஓய்வு பெற்றார். அதன் பின் தொடக்கக் காலத்தவர் எட்ஜ் ஒருவரே. 2018க்குப் பிறகு அக்குழு மேடையேறவில்லை. அவர் 2021இல் காலமானார்.

கேட்டவர்: வேளிமலையான், தக்கலை

இவ்வளவு விரிவாக விளக்கிய இருவருக்கும் நன்றி. இதே வரிசையில் ஜெனிசிஸ் குழுவின் ஃபில் காலின்ஸையும், ரஷ் குழுவின் நீல் பியர்ட்டையும் சேர்க்கலாமா? அடுத்த போட்டிக்கு நானே கேள்விகள் தயாரிக்கலாம் என்று எண்ணுகிறேன், ஆகவே தவறு நேர்ந்துவிடக் கூடாது.

மறுமொழி: அலைவாய்க்கரையாள், குளச்சல்

தம்பி, அவ்விருவரையும் சேர்க்க வேண்டாம், இரண்டுமே பலரும் இடறி விழுகிற இடங்கள். காலின்ஸ் 1970இல் ஜெனிசிஸில் சேர்வதற்கு முன் அங்கே மூன்று பேர் டிரம்ஸ் வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள். தொடக்கம் முதல் மாறாதவர்கள் கீபோர்டு வாசித்த டோனி பேங்க்ஸும் மைக் ரதர்ஃபோர்டும். 1975இல் பீட்டர் கேப்ரியல் விலகியபோது புதிய பாடகரைத் தேடிப் பலரைப் பாடவைத்துப் பார்த்து, யாரும் நிறைவளிக்காததால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலின்ஸே முன்னால் வந்து பாடினார். பிற்காலத்தில் உடல்நலம் குன்றி அவரால் வாசிக்க முடியாமல் போனபோது, 2021இலும் 2022இலும் நடந்த கடைசிக் கச்சேரிகளில் அவர் மகன் அந்த இடத்தில் அமர்ந்து வாசித்தார். தந்தை நாற்காலியில் இருந்தபடியே பாடினார். அந்தக் காட்சியை நான் கண்கலங்காமல் பார்த்ததில்லை.

ரஷ் குழுவின் கதையும் அப்படியே. முதல் இசைத்தட்டில் வாசித்தவர் ஜான் ரட்சி. அவர் விலகிய பின் 1974 ஜூலையில்தான் பியர்ட் வந்தார். வந்த பிறகு குழுவின் பெரும்பாலான பாடல் வரிகளையும் அவரே எழுதியதால், அவர் இல்லாத ரஷ்ஷை நம்மால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை, அவ்வளவே.

அவர்களுக்குப் பதிலாக ஈகிள்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971இல் தொடங்கியவர்கள் கிளென் ஃபிரை, டான் ஹென்லி, பெர்னி லெடன், ராண்டி மைஸ்னர் என்ற நால்வர். லெடனும் மைஸ்னரும் 1970களிலேயே விலகிவிட்டார்கள். மைஸ்னர் இடத்துக்கு வந்த டிமதி ஷ்மிட், அதற்கு முன்பு போகோ என்ற குழுவிலும் அதே மைஸ்னர் விட்டுப் போன இடத்துக்கே வந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். 2016 ஜனவரியில் ஃபிரை இறந்த பின், தொடக்க அணியிலிருந்து குழுவில் இருப்பவர் ஹென்லி மட்டுமே. அவர் டிரம்ஸ் வாசிப்பவர். நம் ஊர்க் கல்லூரி விழாக்களில் தவறாமல் பாடப்படும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' என்ற அந்த விடுதிப் பாட்டை டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவரும் அவர்தான். முன்வரிசையில் கிட்டாரோடு நின்றவர்தான் பாடினார் என்று எண்ணுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மறுமொழி: கேள்வித்தாள், பத்மநாபபுரம்

அந்தப் போட்டியில் கேள்வி கேட்டவன் நான்தான். தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த உரையாடலைப் படித்தேன். என் தாளில் "முதல் மேடையில் நின்றவர்களில்" என்றுதான் எழுதியிருந்தேன், நேரம் போய்க்கொண்டிருந்ததால் சுருக்கிக் கேட்டுவிட்டேன். அது என் தவறு. தம்பியிடம் நேரில் வந்தும் சொல்வேன்.

ஆனால் டீப் பர்ப்பிள் பற்றி எனக்கு ஒரு தடை உண்டு. ரவுண்டபௌட் என்ற பெயரில் பிளாக்மோரும் லார்டும் முதலில் ஒத்திகை பார்த்தபோது டிரம்ஸ் வாசித்தவர் பாபி உட்மன். ராட் எவன்ஸ் பாட வந்தபோது, அவரோடு மேஸ் என்ற குழுவில் இருந்த பெய்ஸும் உடன் வந்தார், உட்மன் வெளியேற நேர்ந்தது. அப்படியிருக்க, பெய்ஸைத் தொடங்கிய நாள் முதல் உள்ளவர் என்று எப்படிச் சொல்வது? இதனால்தான் அவரை விடையாக ஏற்கத் தயங்கினேன்.

மறுமொழி: பழைய கேசட், வடசேரி

நல்ல தடை. ஆனால் அது நிற்காது. உட்மன் ஒத்திகையோடு போய்விட்டார். 1968 ஏப்ரலில் டென்மார்க்குக்குச் சென்று அவர்கள் முதன்முதலாக மேடையேறியபோது பெய்ஸ்தான் வாசித்தார். பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பெயரை எடுத்து டீப் பர்ப்பிள் என்று வைத்துக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். ஃபிளீட்வுட் மேக்குக்கு நீங்கள் வைத்த அளவுகோல் முதல் மேடை. அதே அளவுகோலை இங்கும் வைத்தால் பெய்ஸ் தேறிவிடுகிறார். முதல் மேடைக்கு வராத மெக்வீயை ஒதுக்கிவிட்டு, மேடைக்கே வராத உட்மனைக் கணக்கில் சேர்ப்பது முறையாகாது.

இன்னொன்றையும் பாருங்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இவ்விரு குழுக்களுக்குமே வந்தது. 1974இல் ஃபிளீட்வுட் மேக்கின் மேலாளர், பெயர் தமக்கே உரியது என்று சொல்லி, வேறு கலைஞர்களைத் திரட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1980இல் ராட் எவன்ஸ் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரில் ஒரு கூட்டம் அமெரிக்காவில் கச்சேரி நடத்தியது. நீதிமன்றம் பெரும் இழப்பீடு விதித்தது, எவன்ஸ் அதன் பின் இசை உலகிலிருந்தே ஒதுங்கிவிட்டார். முதல் நாள் இருந்தவர் ஒருவர் மேடையில் நின்றால் போதும் என்று அன்று யாரும் ஏற்கவில்லை.

மறுமொழி: கேள்வித்தாள், பத்மநாபபுரம்

ஏற்றுக்கொள்கிறேன், அண்ணாச்சி. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடக்கும் போட்டியில் இக்கேள்வியை இவ்வாறு மாற்றிக் கேட்க இருக்கிறேன்: "2016ஆம் ஆண்டு முடிவில், தம் குழு முதன்முதலாக மேடையேறியபோது உடனிருந்தவர்களில் தாம் மட்டுமே குழுவில் எஞ்சியிருந்த டிரம்ஸ் கலைஞர்கள் மூவரைக் குறிப்பிடுக." ஃபிளீட்வுட், பெய்ஸ், எட்ஜ், ஹென்லி ஆகிய நால்வரில் எந்த மூவரைச் சொன்னாலும் மதிப்பெண் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் அந்த ஆண்டில் மேடையில் இல்லாததால் மேசனை இதில் சேர்க்கவில்லை, அவருக்குத் தனியே ஒரு கேள்வி வைப்பேன். விடை இங்கேயே வெளியாகிவிட்டதால், வேளிமலையான் தம்பி அந்தச் சுற்றில் போட்டியாளராக இல்லாமல் என்னோடு மேசையில் அமர்ந்து விடைகளைச் சரிபார்க்க வர வேண்டும்.

கேட்டவர்: வேளிமலையான், தக்கலை

கட்டாயம் வருகிறேன், சார். அன்று மாலை ஆலயத்தில் கீதங்களுக்கான ஒத்திகை இருக்கிறது, ஐந்து மணிக்குள் என்னை விட்டுவிட்டால் போதும்.